மரத்தடி நிழலுக்கு வறட்சி தாங்கும் செடிகள்

வீட்டைச் சுற்றி விசாலமான நிலம். மாமரமும் பலாவும் ரம்புத்தானும் குடை விரித்தாற்போல் நிற்கின்றன. ஆனால், மரத்தடியில் வைத்த செடி ஒன்றுகூடத் தேறவில்லை. இந்தக் குறை பல வீடுகளில் உண்டு. நிழல் இருந்தால் ஈரமும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

உண்மை வேறு. இலேசான தூறல் மரத்தின் இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடுகிறது. தரைக்கு வந்து சேரும் நீரையும் மேல்மண்ணில் பரவியிருக்கும் மர வேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே, அங்கு வெளிச்சமும் குறைவு, நீரும் குறைவு.

நம் வட்டாரத்தில் மழைக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். 2014 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி வானிலை நிலையத்தில் அந்த மாதம் முழுவதும் பதிவான மழை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. அதே சமயத்தில் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடந்தது. சமையலுக்கே வாளியில் நீர் பிடித்து வைக்கும் வேளையில் செடிக்கு எங்கே ஊற்றுவது?

வறட்சி தாங்கும் என்று காகிதப்பூவையோ பாலைவன ரோஜாவையோ நட்டால் அவை முழு வெயில் கேட்கும். நிழலுக்கு ஏற்றவை என்று பெரணியையோ ஆந்தூரியத்தையோ நட்டால் அவை எப்போதும் ஈரம் கேட்கும். நமக்கு வேண்டியவை இரண்டையும் தாங்கும் செடிகள். அவற்றை எப்படி அடையாளம் காண்பது? நீரைச் சேமிக்கும் பாகம் செடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் நாக்கு எனப்படும் செடி தடித்த இலையில் நீரை வைத்திருக்கும். வறட்சியில் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறக்கும். 'ஸீ ஸீ' செடிக்கு மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் உண்டு. சிலந்திச் செடிக்குச் சதைப்பற்றான வேர்கள். ஸ்பைடர் லில்லிக்கு வெங்காயம் போன்ற கிழங்கு. காலை வெயில் எட்டிப் பார்க்கும் ஓரத்தில் கற்பூரவல்லி வைக்கலாம். இவற்றுள் கற்பூரவல்லியைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடும் முறையும் முக்கியம். அக்டோபர், நவம்பர் மழையில் சிறிய கன்றுகளாக நடுங்கள். மர வேரை வெட்டிப் பெரிய குழி தோண்ட வேண்டாம். வேர்களின் மேல் மண்ணைக் குவித்தால் மரத்துக்கே கேடு. உதிர்ந்த இலைகளை எரிக்காமல், அடிமரத்தைத் தொடாதபடி இரண்டு அங்குலம் பரப்பிவிடுங்கள், ஈரம் நிற்கும். வறட்சி தாங்கும் திறன் வேர் பிடித்த செடிக்குத்தான் உண்டு. முதல் சில மாதங்களுக்கு மண் உள்வரை நனையும்படி நீர் ஊற்றியே ஆக வேண்டும். இலை நடுவே நீர் தேங்கும் அன்னாசி வகை அலங்காரச் செடிகளைத் தவிர்த்தால், ஏடிஸ் கொசுவுக்கும் இடமிருக்காது.

மரத்தடியில் ஒன்றும் வளரவில்லை என்று மரத்தையே வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மரம் வளர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள். செடியை மாற்றினால் போதும், மரம் நிற்கட்டும்.