கலா பொலவுக்குப் போகும் முன்: ஓவியத்துக்கு ஒரு விலை, ஒரு விளக்கம்

சிங்களத்தில் 'பொல' என்றால் சந்தை. மரக்கறியும் மீனும் வாங்கப் போகும் வாரச்சந்தைக்கும் அதுதான் பெயர். கொழும்பு 7, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் திறந்தவெளி ஓவியச் சந்தை 'கலா பொல' என்று அழைக்கப்படுகிறது. 1993இல் ஜோர்ஜ் கீட் மன்றம் இதை ஆரம்பித்தது. ஜோன் கீல்ஸ் நிறுவனம் நீண்டகாலமாக அனுசரணை வழங்கிவருகிறது. நூற்றுக்கணக்கான ஓவியர்களும் சிற்பிகளும் வீதியோரம் தங்கள் படைப்புகளை வைத்து, வருபவர்களோடு நேரடியாகப் பேசி விற்கிறார்கள். இடையில் கலைக்கூடமோ தரகரோ இல்லை.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இந்த வீதி சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால், வீட்டு முன்னறையில் வரைந்த படத்தை அங்கு கொண்டுபோய், முன்பின் அறியாத ஒருவரிடம் அது என்னவென்று சொல்லி, விலையும் கேட்பது இலகுவான காரியமல்ல. வரைவதற்கு மாதக்கணக்கில் செலவிடும் பலர் இந்த இரண்டுக்கும் ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. சந்தையில் நட்டம் வருவது பெரும்பாலும் இங்குதான்.

விலையை வீட்டிலேயே தீர்மானியுங்கள்

2022 பொருளாதார நெருக்கடியின்போது ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததோடு, இறக்குமதியாகும் வர்ணம், தூரிகை, கன்வஸ் எல்லாவற்றின் விலையும் ஏறியது. அதற்கு முந்தைய மனக்கணக்கில் விலை சொல்லும் ஓவியர், சில வேளைகளில் பொருட்செலவைக்கூட மீட்பதில்லை.

எளிய வழி ஒன்று, சதுர அங்குலத்துக்கு விலை வைப்பது. உதாரணத்துக்கு ஒரு சதுர அங்குலம் 40 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 12க்கு 16 அங்குலப் படம் 192 சதுர அங்குலம், அதாவது 7,680 ரூபா. 24க்கு 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம், 34,560 ரூபா. பிரேம் செலவைத் தனியே சேர்க்க வேண்டும். 40 ரூபா என்பது கணக்குக்காகச் சொன்னது. உங்கள் பொருட்செலவையும் வேலை நேரத்தையும் கூட்டிப் பார்த்து உங்களுக்கான தொகையைக் கண்டுபிடியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு படங்களுக்கு இருவேறு விலை சொன்னால் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். இந்தக் கணக்கு அதைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் இதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்ற எல்லையையும் எழுதி வையுங்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் "கடைசி விலை என்ன?" என்ற கேள்வி வரும். களைப்போடு நிற்கும்போது எடுக்கும் முடிவு அடுத்த நாள் வருத்தத்தைத் தரும்.

மூன்று மொழியில் ஒரு சீட்டு

ஒவ்வொரு படத்தின் அருகிலும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை ஆகியவற்றைக் கொண்ட சீட்டு இருக்கட்டும். அது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருப்பது நல்லது. சிங்களத்தை அயலவர் அல்லது நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி தரும் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட வேண்டாம்.

தலைப்பை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வரும் ஆடிவேல் தேரை வரைந்திருந்தால், கொழும்பில் வளர்ந்தவருக்கு 'ஆடிவேல்' என்ற பெயரே போதும். வெளிநாட்டுப் பயணிக்கு இரண்டு வரி தேவை. இன்னொரு படத்தின் தலைப்பு 'நூலகம், 1981' என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வாசகருக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறியாத ஒரு சிங்கள இளைஞர் அந்தப் படத்தின் முன் நின்று "இது என்ன?" என்று கேட்கலாம். அதற்கு என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது ஓவியரின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தைச் சனநெரிசலுக்கு நடுவே எடுக்காமல், வீட்டிலேயே யோசித்து, சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அப்படிப்பட்ட உரையாடல் விற்பனையில் முடியாமல் போகலாம். ஆனால், அந்த இளைஞர் வேறெங்கும் கேட்க வாய்ப்பில்லாத ஒன்றை உங்களிடம் கேட்டுவிட்டுப் போகிறார்.

வெயில், மழை, காற்று

இது கூரைக்குள் நடக்கும் கண்காட்சி அல்ல. நீர்வர்ணப் படங்களைக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் வையுங்கள். தடித்த தைலவர்ணப் படங்கள் உள்ளே உலர மாதங்கள் எடுக்கும். ஆகவே கடைசி வாரத்தில் வரைந்ததைக் கொண்டுபோக வேண்டாம். அக்ரிலிக் அவ்வளவு காலம் எடுக்காது. மழைக்குப் பெரிய பொலித்தீன் விரிப்பு, காற்றில் சாயாமல் கட்டக் கயிறு, கொக்கிகள், கத்தரிக்கோல், பொதி செய்யக் கடதாசி ஆகியன கட்டாயம் தேவை. விமானத்தில் கொண்டுபோக விரும்புபவருக்காக, சுருட்டக்கூடிய சில கன்வஸ்களையும் கடதாசிக் குழாய்களையும் வைத்திருங்கள். பெரிய படங்களுடன் சிறிய படங்களும் அட்டைகளும் இருந்தால், குறைந்த பணத்தோடு வரும் மாணவரும் ஏதாவது வாங்கிச் செல்வார்.

எல்லாவற்றையும் முச்சக்கரவண்டியில் ஏற்ற முடியுமா என்று முதல் நாளே அளந்து பாருங்கள். ஒருவர் சாப்பிடப் போகும்போது மற்றவர் நிற்பதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. சில்லறைக் காசும், கியூஆர் குறியீடு அல்லது வங்கிக் கணக்கு விபரமும் தயாராக இருக்கட்டும். பணம் வந்ததற்கான குறுஞ்செய்தியைப் பார்த்த பின்னரே படத்தைக் கையளியுங்கள்.

விற்ற பிறகு

விற்ற படம் திரும்பி வராது. ஆகவே புறப்படும் முன்னர் ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம்பிடித்து வையுங்கள். யார் வாங்கினார், என்ன விலை, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாங்கியவருக்குக் கையொப்பமிட்ட சிறு சான்றுக் கடிதம் கொடுங்கள்.

அடுத்த முறைக்கான அறிவித்தலையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும் தவறவிடாமல் பாருங்கள். சந்தை நடக்கும் வீதி, 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியது. அங்கே ஒரு தமிழ்த் தலைப்போடு, மூன்று மொழியிலும் விளக்கத்தோடு, நியாயமான விலையோடு ஒரு படம் நிற்பதற்கு வேண்டிய வேலை இன்றைக்கே வீட்டில் ஆரம்பிக்கக்கூடியது.