சூட்டில் மூச்சு வாங்கும் படலம்

சூளையில் காற்று தாராளமாக ஓடினால் பானை சிவக்கும். வழியை அடைத்துவிட்டால் கறுக்கும். ஒரே மண்தான். வேகும்போது ஆக்சிஜன் கிடைத்ததா என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த மீகடத்திப் படலம் செய்பவர்களும் இதே கவலையோடுதான் உலை முன் நிற்கிறார்கள்.

1987-இல் கண்டறியப்பட்ட இந்தப் பொருளில் 92 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 181 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்தடை அறவே மறைகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டி. வெங்கடேசன் உள்ளிட்டோர், லேசரால் இதை ஆவியாக்கிப் படலமாகப் படியவைத்துக் காட்டினார்கள். படியும் தளம் இன்று வழக்கமாக 700 முதல் 800 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்தச் சூடு இல்லாவிட்டால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கேறா. ஆனால் அதே சூட்டில், குறைந்த அழுத்தத்தில், படலம் ஆக்சிஜனைப் போதுமான அளவு பிடித்துவைக்காது. அப்படியே குளிர்ந்தால் அது மீகடத்தியே அல்ல. அறையை ஆக்சிஜனால் நிரப்பி மெல்ல ஆறவிட வேண்டும். 500, 400 டிகிரியைக் கடக்கையில்தான் அது மூச்சு வாங்குகிறது. ஓர் அலகுக்கூட்டில் ஆறாக இருந்த ஆக்சிஜன் ஏழை நெருங்குகிறது.

இந்த ஏழாவது ஆக்சிஜன் உட்காருவது செம்புச் சங்கிலிகளில். அங்கிருந்தபடியே பக்கத்து அடுக்குகளின் எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்கிறது. அதனால் அடுக்குகளில் உண்டாகும் எலெக்ட்ரான் துளைகளே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. ஆனால் அதன் பிடி தளர்வானது. காற்றில்லாத அறையில் 400 டிகிரிக்குச் சூடாக்கினால் வெளியேறத் தொடங்கும். எண்ணிக்கை 6.6 ஆகும்போது மீகடத்தும் வெப்பநிலை 60 கெல்வினுக்கு இறங்கும், 6.4-க்கும் கீழே போனால் படலம் வெறும் மின்காப்பான். மனதுக்கு ஆறுதலான செய்தி, ஆக்சிஜனில் மறுபடி சூடாக்கினால் போனது திரும்பி வரும்.

போகவர வாசல் எது? அடுக்குகளை ஒட்டியே ஆக்சிஜன் வேகமாக ஓடும், அவற்றைக் குறுக்கே கடப்பதோ மிக மெதுவாக. ஆகவே பரப்பின் படிக்கட்டு விளிம்புகளும் படிக மணிகளின் எல்லைகளுமே வாசல்கள். 1991-இல் வருடு ஊடுருவு நுண்ணோக்கியில் (STM) பார்த்தபோது இந்தப் பரப்பில் சுருள் சுருளாகப் படிக்கட்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு படியும் 1.2 நானோமீட்டர் உயரம். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் நூறு கோடி சுருள்கள்! எனக்கு இது கோலமாகவே தெரிகிறது.

ஆக்சிஜனை இழந்து முதலில் ஏழையாவது மேல்தோல்தான். வெற்றிடத்தில் புதிதாகப் பிளந்த படிகம், அறைச்சூட்டிலேயே பரப்பின் ஆக்சிஜனை இழந்துவிடும். 20 கெல்வினில் பிளந்தால் தங்கும். அதனால்தான் மின்னிணைப்புக்காகத் தங்கமோ வெள்ளியோ பூசியபின், படலத்தை மீண்டும் ஆக்சிஜனில் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள்.