எண்ணம் அசைக்கும் கை

இடக்கையை ஆளுவது மூளையின் வலப்பாதி. வலக்கையை ஆளுவது இடப்பாதி. உயிரியல் பயிலும் மாணவர் யாவரும் இதனை அறிவர். இரத்தவோட்டம் தடைப்பட்டோ குழாய் வெடித்தோ மூளையின் ஒரு பாதி பழுதுறுமாயின், எதிர்ப்புறக் கை சோர்ந்து வீழ்கின்றது. இதனையே பாரிசவாதம் என்கின்றோம். ஆறு மாதங் கழிந்தும் எழாத கை இனி எழுதல் அரிது என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் எரிக் லூதார்ட் அவர்களும் குழுவினரும் இவ்விடத்திலேதான் ஒரு வாயிலைக் கண்டனர். இடக்கையை அசைக்க ஒருவர் எண்ணுகையில், வலப்பாதியில் மட்டுமன்றி இடப்பாதியிலும் மின்னலைகள் எழுகின்றன. கைக்குரிய பாதி பழுதுற்றபோதிலும், பழுதுறாத மறுபாதியில் அவ்வெண்ணத்தின் சுவடு கிடக்கின்றது!

அச்சுவட்டைப் பற்றி எழுந்ததே 'இப்சிஹான்ட்' என்னும் கருவி. மருத்துவ வழக்கில் 'இப்சி' என்பது 'அதே பக்கம்' எனப் பொருள்படும். நோயாளி தலையில் மின்வாய்கள் பொருத்திய பட்டியையும், சோர்ந்த கையில் இயந்திரக் கவசத்தையும் அணிகின்றார். கையை அசைக்க எண்ணுமாறு சிறுதிரை ஏவுகின்றது. அவர் எண்ணுகின்றார், அலை எழுகின்றது, கணனி அதனை இனங்காண்கின்றது, கவசம் பெருவிரலையும் அடுத்த இரு விரல்களையும் விரித்துக் குவிக்கின்றது. மந்திரமென நேயர்கள் மயங்க வேண்டாம். உள்ளத்து இரகசியங்களை அது வாசிப்பதில்லை. அசைவுக்கான முனைப்பு உண்டா, இல்லையா என்பதொன்றையே நோக்குகின்றது. முனைப்பு இல்லையேல் கவசமும் அசையாது. கையைப் பிறர் நூறு முறை அசைத்துவிடுவதற்கும், தானே முயன்று அது அசையக் காண்பதற்கும் வேறுபாடுண்டன்றோ? முயற்சியும் பயனும் ஒரே கணத்தில் இணையும்போது மூளை புதுவழி பழகும் என்பதே ஆய்வாளர் கொண்ட கருத்து.

2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், நோயுற்று ஆறு மாதங்களுக்கு மேலான 10 பேர் தத்தம் இல்லங்களிலேயே 12 வாரம் பயின்றனர். கையின் செயற்றிறனை அளக்கும் 57 புள்ளி அளவையில் அவர்கள் சராசரி 6.2 புள்ளி உயர்ந்தனர். பத்துப் பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் நம்பிக்கையிழந்த கைக்கு அவ்வுயர்வு சிறிதன்று. 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 18 வயதிற்கு மேற்பட்டோர்க்கு இதனை அனுமதித்தது.

எல்லோர்க்கும் இது பொருந்தாது. மணிக்கட்டும் விரல்களும் இறுகி மடங்கியோர்க்குக் கவசத்தை மாட்டவே இயலாது. சத்திரசிகிச்சையால் மண்டையோட்டிற் குறையுற்றோரும் விலக்கப்பட்டுள்ளனர். ஏனையோரிடம் கண்ட தீங்குகள் களைப்பும், சிறு அசௌகரியமும், தோல் சற்றே சிவத்தலுமாம்.