சிரிப்பின் எல்லை

யுத்தத்தை வைத்து நகைப்பது தகுமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் அமெரிக்காவின் ‘மாஷ்’ என்னும் டெலிவிஷன் ஹாஸ்யத் தொடரைப் பார்ப்பார்களாக. 1972 செப்டம்பர் முதல் 1983 பிப்ரவரி வரை ஸி.பி.எஸ். நிறுவனத்தார் அதை ஒளிபரப்பினர். கொரியா யுத்தம் நடந்ததோ மூன்றே வருஷம். அதைப் பற்றிய ஹாஸ்யம் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது!

கதை நிகழுமிடம் போர்முனைக்கு அருகே கூடாரங்களில் இயங்கும் ராணுவ ஆஸ்பத்திரி. ஆலன் ஆல்டா நடித்த ஹாக்கை என்னும் வைத்தியர் முன்னிற்பினும், இது தனியொருவர் சரித்திரமன்று. ஹெலிகாப்டரின் ஒலியைப் பிறருக்கு முன்பே கேட்டுவிடும் குமாஸ்தா ரேடார், பட்டாளத்திலிருந்து விலக்கு வேண்டிப் பெண்ணுடை தரித்துத் திரியும் கிளிங்கர், கண்டிப்பு மிக்க தலைமைத் தாதி மார்கரெட், சாந்தமே உருவான பாதிரியார் மல்கேஹி ஆகிய யாவரும் நாளடைவில் நமக்கு அண்டை வீட்டாராகிவிடுகின்றனர்.

காயமுற்றோர் நடுவே கேலி பேசுவது பண்பன்று எனச் சிலர் ஆக்ஷேபிக்கலாம். அதற்குத் தொடரே சமாதானம் கூறுகிறது. செயற்கைச் சிரிப்பொலி சேர்த்தே தீரவேண்டுமென நிறுவனத்தார் வற்புறுத்தினர். ரணசிகிச்சை அறைக் காட்சிகளில் அது கூடவே கூடாதெனத் தயாரிப்பாளர் வாதாடி வென்றனர். சிரிப்பின் எல்லையை இதனினும் தெளிவாக வகுத்த தீர்ப்பை நாம் அறியோம்.

1975 மார்ச்சில் வெளியான காட்சியொன்றை எவரும் மறவார். தலைமை வைத்தியர் ஹென்றி பிளேக் சேவையிலிருந்து விடுபட்டுத் தாயகம் புறப்படுகிறார். நண்பர்கள் குதூகலமாய் வழியனுப்புகின்றனர். பின்னர் ரேடார் சிகிச்சை அறைக்குள் வந்து, அவர் சென்ற விமானம் ஜப்பான் கடல்மீது சுட்டு வீழ்த்தப்பட்டதென்றும், பிழைத்தவர் எவருமில்லையென்றும் அறிவிக்கிறான். வைத்தியர்கள் கண்ணீருடன் தங்கள் வேலையைத் தொடர்கின்றனர். பார்த்தோரில் பலர் சீற்றத்துடன் கடிதம் எழுதினர். நாம் அவர்களுடன் உடன்படோம். நல்லவர் என்று பார்த்து யுத்தம் எவரையும் விட்டுவிடுவதில்லை. ஹாஸ்யமென்ற காரணத்தால் அவ்வுண்மையை மறைத்திருந்தால், அதுவன்றோ வஞ்சனை?

நமக்கும் இக்கதையில் சிறிது பாத்தியதை உண்டு. 1950-ல் அந்த யுத்தத்துக்கு இந்தியா அனுப்பியது போரிடும் சேனையையன்று. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் ஆம்புலன்ஸ் என்னும் வைத்தியப் படையையே.

1983-ல் இறுதிக் காட்சியைப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர் கண்டனர். சிரிக்க வந்தவர்களை யுத்தத்தின் விலையை எண்ணிப் பார்க்கச் செய்து அனுப்பிய அத்தொடரை மனமார வாழ்த்துகிறோம்.