பருவுக்குப் பூசினால் பளபளப்பு! விட்டால் முகமே நெருப்பு!

திண்டுக்கல் பஸ் நிலையம். மாலை 6 மணி.

வேடசந்தூர் பஸ், நத்தம் பஸ், வத்தலக்குண்டு பஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. மில் வேலை முடிந்து வருகிற பெண்கள், காலேஜ் பையன்கள், காய்கறிப் பையோடு நிற்கிற குமாஸ்தாக்கள். ஒரே நெரிசல்.

அந்த நேரத்தில் எந்த ஊர் பஸ் நிலையத்து மருந்துக்கடை முன்னாலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, முகத்துக்குப் போடுற அந்த டியூப் ஒண்ணு...”

“போன மாசம் வாங்குனியேம்மா, அதா?”

“ஆமாண்ணே. போட்டா பரு அடங்கிருது. விட்டா திரும்ப வந்துருது.”

“அப்ப விடாம போடும்மா!”

டாக்டர் சீட்டு கிடையாது. கேள்வி கிடையாது. டியூப் பைக்குள் போகிறது. பஸ் கிளம்பிவிடுகிறது.

“விட்டா திரும்ப வந்துருது” என்றாளே, அந்த ஒரு வார்த்தையில்தான் வில்லங்கமே இருக்கிறது!

டியூப்புக்குள் என்ன?

ஸ்டீராய்டு!

1952-ல் அமெரிக்க டாக்டர்கள் இரண்டு பேர் கரப்பானுக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவிப் பார்த்தார்கள். அரிப்பும் சிவப்பும் மளமளவென்று அடங்கின. தோல் வைத்தியத்தில் அது பெரிய திருப்பம். இன்றைக்கும் கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அது நல்ல மருந்துதான். டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் தடவினால்!

முகப்பருவுக்கு அது மருந்து அல்ல.

ஆனால் தடவியதும் வேலை செய்வதுபோல் தெரியும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வீக்கத்தை அமுக்கும். ஒரு வாரத்தில் பரு வற்றும். முகம் ஒரு படி வெளுக்கும். “என்னடி, கல்யாணக் களை வந்துருச்சு!” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள். போதாதா? அடுத்த டியூப் வாங்க ஓடுவாள்.

நாளாக ஆக தோல் மெலிகிறது. கன்னத்தில் சிவப்பு நரம்பு கோடு கோடாகத் தெரிகிறது. பெண்களுக்குத் தாடை ஓரத்தில் ரோமம் முளைக்கிறது. வெயிலில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. பயந்துபோய் நிறுத்தினால் சுருங்கிய ரத்தக் குழாய்கள் விரிந்து முகமே சிவந்துவிடும். அடங்கிக் கிடந்த பரு மொத்தமாகக் கிளம்பும். பழையபடி தடவினால் எரிச்சல் தணியும். குடிகாரனுக்குக் காலையில் கை நடுங்குமே, அந்தக் கதைதான்!

கணக்கு சொல்கிறது

சும்மா மிரட்டவில்லை. நாட்டின் பல ஊர்களில் தோல் டாக்டர்கள் சேர்ந்து எடுத்த கணக்கு ஒன்று 2011-ல் வெளியானது. முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர்!

அதில் 104 பேர் தடவியது பருவுக்காக. 126 பேர் சிவப்பழகு கிரீம் மாதிரியும், சவரம் செய்த பிறகு பூசும் களிம்பு மாதிரியும் தடவியிருக்கிறார்கள்.

சிபாரிசு செய்தது யார்? 257 பேருக்கு டாக்டரே அல்ல. வேறு யாரோ சொல்லிப் பூசியிருக்கிறார்கள்.

433 பேரில் 392 பேருக்குப் பக்க விளைவு வந்துவிட்டது. அதில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? முகப்பருவுக்கு! பரு போகப் பூசினார்கள். பருவே வந்தது.

இன்னொன்று. வீரியம் கூடிய சரக்கை அதிகம் தடவியவர்கள் பட்டணத்துக்காரர்கள் அல்ல. கிராமத்திலும் ஊர்ப்புறத்திலும் இருப்பவர்கள்.

“ஸ்டீராய்டால் கெட்ட முகம்” என்று இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள் நம் நாட்டு டாக்டர்கள். சட்டத்திலும் ஒரு சந்து இருந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துப் பட்டியலில் வெளிப்பூச்சுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். தோல் டாக்டர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளையும் சீட்டுப் பட்டியலுக்குள் கொண்டு வந்தது.

சட்டம் வந்துவிட்டது. பழக்கம் போகவில்லை. மருந்துக்கடைக்காரர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள்தான். நம் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்கு இது கடலை மிட்டாய் அல்ல!

வீட்டில் இருக்கிற டியூப்பை இப்போதே எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமீட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. பல மாதமாகத் தடவுகிறவர்கள் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துவது நல்லது. நிறுத்தும்போது வரும் எரிச்சலுக்கு அவரிடம் மருந்து இருக்கிறது.

பரு ஏன் வருகிறது?

“வயசுக் கோளாறு”, “உடம்புச் சூடு”, “யாரோ கண்ணு வச்சுட்டாங்க” என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வயசு மட்டும் உண்மை.

பருவ வயதில் ஹார்மோன் ஏறும். தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகும். ரோமக் கால் வாயில் செத்த தோல் அடைத்துக்கொள்ளும். உள்ளே எண்ணெய் தேங்கும். தோலில் எப்போதும் குடியிருக்கிற ஒரு கிருமி அதில் பெருகும். சிவந்து, வீங்கி, சீழ் கட்டும். அவ்வளவுதான். கரும்புள்ளி இருக்கிறதே, அது அழுக்கு அல்ல. காற்றுப் பட்டுக் கறுத்த அடைப்பு. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புண்தான் ஆகும்.

அப்படியானால் பிரியாணி?

திண்டுக்கல்லில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. எண்ணெய்ப் பண்டம் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வந்து பரு ஆகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சர்க்கரை, இனிப்பு, மைதா அதிகம் சேர்த்தால் சிலருக்குப் பரு கூடுகிறது. பாலும் சிலருக்கு ஆகவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பிகள் கரைத்துக் குடிக்கிற புரோட்டீன் பவுடரும் சந்தேக லிஸ்டில் இருக்கிறது.

தின்கிற எண்ணெயைவிடத் தலையில் வழிகிற எண்ணெய்தான் நம் ஊரில் பெரிய குற்றவாளி! படிய வாரி, நெற்றியில் வழிய வழிய தேங்காய் எண்ணெய் வைத்தால் முடியோரமாக வரிசையாகப் பொரிப்பொரியாக வரும். தலைக்குப் பூசும் களிம்பால் வரும் இந்தப் பருவை 1970-லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை. குளிக்கும் முன் வைத்து அலசிவிடுங்கள்.

பட்டறையிலும் மெஷினிலும் நிற்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மெஷின் எண்ணெய் ஊறிய சட்டையை நாள் முழுக்கப் போட்டிருந்தால் கையிலும் தொடையிலும்கூடப் பரு வரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்ற வேண்டும்.

பரு போகும், தழும்பு நிற்கும்

நம் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளினால் குழியும் விழும். கண்ணாடி முன் நின்று கிள்ளாத ஆள் யார் என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். ஆனாலும் கையை அடக்குங்கள்.

அந்தக் கறுப்பைப் போக்கத்தான் அடுத்து “சிவப்பழகு” கிரீம் தேடி ஓடுகிறார்கள். அங்கே வேறொரு பூதம்!

கேரளத்தில் கோட்டக்கல் ஆஸ்பத்திரியில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். அபூர்வமான ஒரே ரகக் கோளாறு 15 பேருக்கு இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அந்த மாதிரி கிரீம்களில் இருந்தது பாதரசம்! தயாரித்தவன் பெயர், ஊர் ஒன்றும் இல்லாத டப்பாவைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பிறகு என்னதான் செய்வது?

காலையும் மாலையும் சாதாரண சோப்புப் போட்டு முகம் கழுவினால் போதும். பற்பசை, எலுமிச்சம்பழம், சோடா உப்பு எதுவும் பருவின் மேல் வேண்டாம். தோல் வெந்துபோகும். முகம் மறைக்க அப்பிய பவுடரை ராத்திரி கழுவிவிட்டுப் படுங்கள்.

இலேசான பருவுக்கு டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டு மருந்துகள். ஒன்று பென்சாயில் பெராக்சைடு. கிருமியைக் கொல்லும். 2.5 சதவீதமே போதும், எரிச்சலும் குறைவு. இன்னொன்று அடாபலீன். அடைப்பை எடுக்கும். ராத்திரியில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். பருவுக்குப் பரு பொட்டு வைப்பதல்ல. கர்ப்பிணிகள் அடாபலீன் பக்கமே போகக்கூடாது.

முதல் இரண்டு, மூன்று வாரம் தோல் உரியும். பரு கூடுவதுபோலவும் தோன்றும். “சே, இது ஆகாது” என்று முக்கால்வாசிப் பேர் டியூப்பைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு டியூப் ஜெயிப்பதே இந்த இடத்தில்தான். அது ஒரு வாரத்தில் மயக்குகிறது. உண்மையான மருந்துக்கு மூன்று மாதம் வேண்டும்.

கட்டி கட்டியாகப் பரு வந்தால், குழி விழுந்தால், பெண்களுக்கு மாதவிலக்கு தவறி மீசை ரோமமும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரி இப்போது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே சீட்டுப் போட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே பூசிய டியூப்பையும் மறைக்காமல் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

பென்சாயில் பெராக்சைடு பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது பட்ட துணி வெளுத்துவிடும். பழைய வெள்ளைத் துண்டாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னாளபட்டி சுங்கடிச் சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு, சாயம் போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்!