லிஸ்டுக்குள் லிஸ்ட்: மெத்தடுக்குப் பெயர் வைக்கும்போது கவனம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி பைத்தான் கற்றுவரும் வாசகர்களுக்கு நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் மனைவி இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. நோட்டில் இருந்த கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாக நானே முன்வந்தேன்.

பைத்தானில் ஒரு லிஸ்டுக்குள் பல லிஸ்டுகளை வைக்கலாம். இதுதான் நெஸ்டட் லிஸ்ட். வெளி லிஸ்ட் குழு. உள்ளே உள்ள ஒவ்வொரு லிஸ்டும் ஓர் உறுப்பினர் கட்டிய தொகைகள். கடைசி இருவரை மட்டும் பார்த்தால் இப்படி இருக்கும்:

[[200, 200], [200]]

புதிய உறுப்பினரைச் சேர்க்க ஒரு மெத்தட் எழுதி, அதற்கு 'சேர்' என்று பெயரிட்டேன். (பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) சேர்(200) என்றால் [200] என்ற புதிய லிஸ்ட் கடைசியில் உருவாகும்.

அடுத்த மாதம், கடைசியாகச் சேர்ந்த அம்மா பணம் கட்டினார். அவருடைய லிஸ்டில்தானே சேரும் என்று நினைத்து சேர்(200) கொடுத்தேன். நடந்தது இது:

[[200, 200], [200], [200]]

எர்ரர் வரவில்லை. மொத்தத் தொகையும் சரியாக இருந்தது. ஆனால் பிரிண்ட் எடுத்த பட்டியலில் அந்த அம்மா பெயருக்கு நேரே 'பாக்கி' என்று இருந்தது. கூட்டத்தில் அதை வாசித்தபோது அவர் எதுவும் பேசாமல் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினாராம். மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது இரண்டு மெத்தட்கள் வைத்திருக்கிறேன்:

புதிய_உறுப்பினர்(தொகை)
தவணை_சேர்(எண், தொகை)

யாருடைய தவணை என்ற எண்ணை விட்டுவிட்டால் பைத்தானே எர்ரர் காட்டி நிறுத்திவிடும். எண் 0-வில் தொடங்குவதால் 12-வது உறுப்பினரின் எண் 11.

பைத்தானில் உள்ள மெத்தட்களிலும் இதே குழப்பம் வரும். அப்பெண்ட் செய்தால் [200] முழு லிஸ்டாக உள்ளே போகும். எக்ஸ்டெண்ட் செய்தால் லிஸ்ட் பிரிந்து வெறும் 200 மட்டும் போகும். (இவ்விரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

நீங்கள் மெத்தடுக்குப் பெயர் வைத்ததும், 'எதைச் சேர்க்கிறது? எங்கே சேர்க்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பெயரிலேயே பதில் இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள்.