பலகையில் பெருகும் மகாவலி

தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாத மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகிறது. நல்லதண்ணியில் விழும் நீர் மஸ்கெலியா ஓயா வழியே களனி கங்கைக்குச் செல்கிறது. அட்டன் முகட்டுக்கு அப்பால் விழுவதோ மகாவலியைச் சேர்கிறது. 1803 ஜூனில் ஒரு படையை முடக்கியது மகாவலியின் அந்தப் பெருக்கே.

கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முத்துசாமியை அரியணையில் அமர்த்தி, படைத்தலைவர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். காய்ச்சல் அதனை அரித்தது. கண்டி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனின் படை சூழ்ந்துகொள்ள, ஜூன் 24 இல் டேவி பணிந்தார். திருகோணமலை நோக்கிப் புறப்பட்டவர்களை வட்டபுளுவத் துறையில் வெள்ளம் மறித்தது. கடக்கத் தெப்பமில்லை. நம்பி வந்த முத்துசாமியை அரசனிடம் ஒப்படைத்தனர். 26 ஆம் நாள் படைக்கலங்களைக் கீழே வைத்தபின் அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

இந்நிகழ்வைப் போர்விளையாட்டாகப் பலகையில் அமைக்கலாம் என்பதும், அமைத்தால் ஆற்றை வெறும் நீலக்கோடாக வரையக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. பிரசிய அதிகாரி ரைஸ்விட்ஸ், தந்தையின் வடிவத்தைச் செம்மைசெய்து 1824 இல் வகுத்த ஆட்டமே இக்கலையின் வேர். 1:8000 அளவு நிலப்படம், காய்கள், கவறு, இவற்றோடு இரு தரப்பின் கட்டளைகளையும் தனித்தனியே பெறும் ஒரு நடுவர்.

ஆறு படையை எவ்வாறு தேய்க்கிறது என்பதை 1916 இல் ஆங்கிலப் பொறியாளர் லாஞ்செஸ்டர் வெளியிட்ட இருமடி விதி காட்டும். ஒரே வேளையில் சுடவல்ல படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருமடிக்கு ஒப்பானது. எதிர்க்கரையில் 100 பேர்; கடப்போர் 200 பேர். இருநூற்றுவரும் ஒருங்கே மோதினால் 40,000 இல் 10,000 கழியும். ஏறத்தாழ 173 பேர் எஞ்சுவர். ஆறு அவர்களை ஐம்பது ஐம்பதாகவே விடுமானால், ஒவ்வோர் அணியின் வலிமையும் 2,500 தான். நான்கு அணிகளும் சேர்ந்து 10,000. இரு தரப்பும் முற்றாக அழியும். ஆட்களும் துப்பாக்கிகளும் மாறவில்லை. இடையில் நீர் வந்தது, அவ்வளவே.

இனி நீரின் விதி. ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால், இறங்கியவர் மீதான தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கவறு உருட்டி நீர்மட்டத்தை முடிவுசெய்வது பிழை. கவற்றுக்கு நினைவில்லை, ஆற்றுக்கு உண்டு. நேற்றைய மட்டத்திலிருந்தே இன்றைய மட்டம் ஏறும், இறங்கும். ஆகவே கவறு மட்டத்தைச் சொல்லாமல், மாற்றத்தை மட்டும் சொல்லட்டும். மலையில் பெய்த மழை சில முறைகள் கழித்தே துறையை எட்டட்டும். அம்மழையை நடுவர் மட்டுமே அறிந்திருக்கட்டும். கரையில் நிற்பவர் நீர் வடியுமென்று காத்திருக்கையில், மேலே மழை வலுத்திருக்கும். டேவியின் நெருக்கடியை அப்போதுதான் ஆடுபவர் உணர்வார்.

இன்றைய நீரளவுகளை அப்படியே எடுத்தாளவும் இயலாது. 1976 முதல் பொல்கொல்லை அணை அத்துறையருகே நீரைத் திருப்புகிறது. மேலே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. 1803 இன் ஆற்றைப் பெற, அணைகளை நீக்கி, மழையிலிருந்தே கணக்கிட வேண்டும்.

ஆட்டம் ஜூன் 25 மாலையோடு நிற்க வேண்டும். படைக்கலமற்றோரைக் கொன்றதற்குப் பலகையில் இடமில்லை. முத்துசாமியை ஒப்படைப்பதா என்பதையும் கவற்றிடம் விடக் கூடாது. நடுவர் கேட்க, ஆடுபவரே வாய்திறந்து விடை சொல்ல வேண்டும்.